காலியாக இருக்கக் கூடாது

இல்ல மேடம், கையெழுத்து மட்டும் போட மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் உங்களை அலையவிட்டேன்னு வரக்கூடாது பாருங்க. மத்தபடி என்ன வேணும்னாலும் கேளுங்க, சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பதில் சொல்றேன். அந்த நாற்காலி வேண்டாம். அதுக்கு ஒரு கால் குட்டை, ஆளைக் கவுத்துடும். இதுல உக்காருங்க. லேப்டாப்பை இந்தப் பக்கம் வைங்க, அங்க ப்ளக் வேலை செய்யாது.

ஜன்னல் திரைய இழுத்து விட்டுக்கட்டுமா? உங்களுக்காக இல்ல, எனக்காகத்தான். நான் ராத்திரி டியூட்டி. பத்தொன்பது வருஷமா ராத்திரி டியூட்டி. இந்த ரூமுக்கு ஜன்னல் இருக்குறதே எனக்குப் பாதி நாள் மறந்துபோகும். பகல்ல வரச் சொல்லி மேனேஜர் போன் பண்ணினதும், வேலைய விட்டுத் தூக்கத்தான் கூப்பிடுறார்னு நினைச்சேன். வந்து பாத்தா நீங்க உக்காந்திருக்கீங்க. பரவால்ல, சிரிங்க. இங்க என்னை ஆந்தைன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கும் அது பழகிப்போச்சு.

சரி, உங்க விசாரணை என்னன்னு நானே சொல்றேன், சரியான்னு பாருங்க. இந்தப் பதிவு ஆபீஸுக்கு மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு படிவம், எல்லாம் கம்ப்யூட்டர்ல. அதுல இருநூத்திப் பதினொண்ணு ஹெல்ப்பர் வச்சுச் செஞ்சது. ஒண்ணே ஒண்ணு, பதினாலாம் படிவம், வெறும் எச்.டி.எம்.எல்.ல, அதான் வெப் பக்கம் எழுதுற மொழியில, கையால எழுதினது. எழுதினவன் நான். எல்லாப் படிவமும் ஹெல்ப்பர்லதான் இருக்கணும்னு விதி வந்து ரெண்டு வருஷமாச்சு. மூணு தடவை மாத்தச் சொன்னாங்க, மூணு தடவையும் மாத்தல. இன்னிக்கு நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டா, ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கத்தை மாத்திடுவாங்க, என் வேலை தப்பிக்கும். போடலன்னா விஷயம் மேல கமிட்டிக்குப் போகும். கமிட்டி கூடுறவரைக்கும் பக்கம் இங்க நிக்கும், நான் வீட்ல நிப்பேன். அவ்வளவுதானே?

நிக்கட்டும் மேடம். கமிட்டி கூடுறதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு எனக்குத் தெரியும். அத்தனை மாசம் அந்தப் பக்கம் இருக்கும்ல. போதும்.

நீங்க டைப் பண்றதும் ஒரு படிவம்தான் போல. சிவப்பு நட்சத்திரம் தெரியுதே. அட, அது நம்ம ஹெல்ப்பர். உங்க ஆடிட் ஆபீஸுக்கும் போன வருஷம் இதையே தூக்கிக் குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லா வேலை செய்யுதா? செய்யும், செய்யும்.

ஹெல்ப்பர்னா சரியா என்னன்னு கேக்குறீங்க. கேட்டதுக்கு நன்றி. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரியே தலையாட்டிட்டுப் போனாங்க. இப்போ திரையில ஒரு பெட்டி வேணும், அதுல ஆள் பேர் எழுதணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நீங்களே எச்.டி.எம்.எல்.ல முழுசா எழுதுறது. பெட்டி எவ்வளவு நீளம், அதுக்கு மேல என்ன வார்த்தை, தப்பா எழுதினா என்ன சொல்லணும், எல்லாம் உங்க கை. இன்னொண்ணு, ஹெல்ப்பர்கிட்ட சொல்றது. பேருக்கு ஒரு பெட்டி போடுப்பான்னு ஒரே வரி. அது நேரா தகவல் சேர்த்து வைக்கிற டேபிளுக்குப் போய் எட்டிப் பாக்கும். அங்க பேர்ங்கிற இடம் காலியா இருக்கலாமா, கூடாதா? கூடாதுன்னு இருந்தா பெட்டி பக்கத்துல ஒரு சிவப்பு நட்சத்திரத்தைக் குத்திடும். காலியா விட்டு அனுப்பினீங்கன்னா கீழ சிவப்புல ஒரு வாக்கியம் போடும். நீங்க எழுதினது ஒரு வரி, அது எழுதுறது இருபது வரி.

ஹெல்ப்பரை நான் கரிச்சுக்கொட்டுறேன்னு நினைக்காதீங்க. அதை எழுதினதே நான்தான்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? கோப்புல இல்லையா? இருக்காது. அதை எழுதும்போது நான் மெஷின் காவலாளு. படிச்சது பத்தாவது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ரூம். சிவப்பு விளக்கு எரிஞ்சா இன்ஜினியருக்குப் போன் பண்ணணும், அதுக்குத்தான் சம்பளம். பத்து வருஷம் அந்த விளக்கு மொத்தமா நாலு தடவை எரிஞ்சிருக்கும். மீதி நேரம் என்ன செய்றது? யாரோ விட்டுட்டுப் போன புத்தகம் ஒண்ணு, அட்டை இல்ல, முதல் முப்பது பக்கம் இல்ல. முப்பத்தொண்ணாம் பக்கத்துலேர்ந்து படிச்சேன். அந்த முதல் முப்பது பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, யாராவது நல்லாப் பேசுறவங்களைப் பாத்தா இவங்க அதைப் படிச்சிருக்காங்கன்னு நினைச்சுக்குவேன். அப்படித்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அந்த ஹெல்ப்பரை எழுதினேன். பகல்ல பசங்க ஒரு பெட்டியைக் கையால எழுத அரை நாள் எடுத்துக்கிறாங்களே, பாவமா இருக்கேன்னு எழுதினது. காலைல வந்து பாத்துட்டு ஆளாளுக்கு முதுகுல தட்டினாங்க. என் பேரைப் போட மறந்துட்டாங்க, அது வேற.

என் வீட்டுக்காரிகிட்ட பெருமையா சொன்னேன். அவ லாண்டரியில வேலை பாக்குறா. வர்ற துணிக்கெல்லாம் மஞ்சத் துண்டுல நம்பர் எழுதிப் பின் குத்தணும். அவ காலைல கிளம்புவா, நான் காலைல திரும்புவேன். வாசல்ல சாவி மாத்திக்கிற நேரம்தான் எங்க குடும்பம். அந்த வாசல்ல வச்சு சொன்னேன், ஒரு வரி எழுதினா இருபது வரி வரும்டின்னு. அவ செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டா, அப்போ மீதிப் பத்தொன்பது வரியில என்ன இருக்குன்னு நீ பாத்தியான்னு. நான் சிரிச்சுட்டேன். துணிக்கு நம்பர் குத்துறவளுக்கு என்ன தெரியும்னு மனசுக்குள்ள ஒரு நினைப்பு.

சரி, உங்க பட்டியலுக்கு வருவோம். பாதுகாப்பு. நியாயமான கேள்வி. ஹெல்ப்பர் ஒவ்வொரு படிவத்துக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு ரகசிய முத்திரை வைக்கும், வெளியாள் எவனாவது போலிப் படிவம் பண்ணி உள்ள தள்ளினா கண்டுபிடிக்கிறதுக்கு. கையால எழுதுறவன் அதை மறப்பான். பத்துல எட்டுப் பேர் மறப்பாங்க. என் பக்கத்துல ஒன்பதாவது வரியைப் பாருங்க. இருக்கா? டிக் போட்டுக்கோங்க. கண் தெரியாதவங்களுக்கு மெஷின் படிச்சுக் காட்டுறதுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் அதோட வார்த்தையைக் கட்டி வைக்கணும். கட்டியிருக்கேன், எண்ணிப் பாருங்க. பொத்தான் மட்டும் பழைய நீலம். மத்த பக்கமெல்லாம் போன மாசம் பச்சைக்கு மாறிச்சு, என்னோடது மாறல. அதை ஒரு குத்தம்னு எழுதியிருக்காரு பாருங்க, அது எங்க டீம் லீடர். நாங்க சீப்புன்னு கூப்பிடுவோம். எல்லாம் ஒரே பக்கமா படிஞ்சு கிடக்கணும் அவருக்கு, ஒரு முடி நட்டுக்கிட்டு நின்னா தூக்கம் வராது. கெட்டவர் இல்ல. சும்மா சொல்லக்கூடாது, அவர் வந்தப்புறம்தான் இந்த ஆபீஸ்ல ஒரு ஒழுங்கு வந்துச்சு. இருநூத்திப் பன்னிரண்டு படிவத்தை இருபது பேர் இருபது விதமா எழுதினா எவன் பாத்துக்கிறது? அவர் இடத்துல நான் இருந்தாலும் அதே விதியைத்தான் போட்டிருப்பேன். ஆனா ஒரு படிவத்தை விட்டுடுங்கன்னு கேட்டேன்.

பதினாலாம் படிவம் எதுக்குன்னு கேக்குறீங்களா? கோப்புல நம்பர்தான் இருக்கும், இல்ல? ம். சீப்பும் அதைத் திறந்து பாத்ததில்ல. யாரும் திறந்து பாக்க மாட்டாங்க.

பிறக்கும்போதே உயிரில்லாம வந்த குழந்தையைப் பதிவு பண்றதுக்கு.

தண்ணி குடிக்கிறீங்களா? அந்த பாட்டில் சுத்தமானதுதான், நான் காலைல பிடிச்சது.

அதுவும் ஒரு பதிவுதானே மேடம். பண்ணித்தான் ஆகணும். பண்ணினாத்தான் ஆஸ்பத்திரியில குழந்தையைக் கையில குடுப்பாங்க. வருஷத்துக்கு எண்பது, தொண்ணூறு பேர் வருவாங்க, கீழ மூணாம் கவுண்டருக்கு. அதுக்குத் தனியா டேபிள் எதுக்குன்னு ஆரம்பத்துல பிறப்புப் பதிவு டேபிளையே வச்சுக்கிட்டாங்க. பிறப்பு டேபிள்ல பேர் காலியா இருக்கக் கூடாது. சரிதானே? பொறந்த குழந்தைக்குப் பேர் வேணும்ல. அதனால ஹெல்ப்பர் போய் எட்டிப் பாத்துச்சு, நட்சத்திரத்தைக் குத்திடுச்சு. அது மேல தப்பில்ல. அது டேபிளைத்தான் பாக்கும். எதிர்ல உக்காந்திருக்கிற ஆளைப் பாக்காது. அதுக்குக் கண்ணு குடுக்கல நான்.

இன்னொண்ணு, இது உங்க கோப்புல இருக்காது. கீழ கவுண்டர்ல ஒரு பழக்கம் உண்டு. திரை கவுண்டர்காரங்க பக்கம் திரும்பி இருக்கும், வந்தவங்களுக்குத் தெரியாது. அதனால திரையில என்ன வந்தாலும் சத்தமா படிச்சுக் காட்டணும். என்னமோ பெரிய தகராறு ஆகியிருக்கு ஒருகாலத்துல, எனக்கு யாரும் சொல்லவே இல்லன்னு ஒருத்தர் கண்ணாடியை உடைச்சிருக்கார். அதுலேர்ந்து வந்தது. மூணாம் கவுண்டர் அக்கா அந்தப் பழக்கத்தை ஒருநாளும் விட்டதில்ல. நல்ல மனுஷி. தொண்டை கட்டினாலும் படிப்பாங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பகல். ஒரு ஆளும் அவர் சம்சாரமும் வந்தாங்க. ரெண்டு பேருமே நாப்பதை நெருங்கினவங்க. முதல் குழந்தை. ஆமா, நான் அங்கதான் இருந்தேன், அன்னிக்குப் பகல்ல வர வேண்டி இருந்துச்சு. அந்தம்மா கையில ஏதோ மஞ்சக் காகிதம், அதைச் சுருட்டுறதும் பிரிக்கிறதுமா இருந்தாங்க. அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்து ஒண்ணொண்ணா டைப் பண்ணிட்டு வந்தாங்க. தேதி, நேரம், எடை. எடையைக்கூட சத்தமாத்தான் சொன்னாங்க. அப்புறம் பேரை விட்டுட்டு பொத்தானை அமுக்கினாங்க. சிவப்பு வந்துச்சு. படிச்சாங்க. பெயர் காலியாக இருக்கக் கூடாது.

அந்தம்மா சொன்னாங்க, இல்லக்கா, பேர் இன்னும் வைக்கலையேன்னு. ஏதோ தன்மேல தப்பு மாதிரி. அக்கா தலையாட்டிட்டு இன்னொரு தடவை அமுக்கினாங்க. ஹெல்ப்பர் என்ன பண்ணும் தெரியுமா, தப்பு வந்த பெட்டிக்குக் கர்சரைத் தானே கொண்டுபோய் நிறுத்தும். வேகமா எழுதலாம்னு அப்படி வச்சது. நின்னுச்சு. பெட்டிக்குள்ள கர்சர் மின்னிக்கிட்டே இருக்கு, எழுதுன்னு. மறுபடியும் அதே வாக்கியம், மறுபடியும் படிச்சாங்க. மூணாவது தடவை படிக்கும்போது அக்கா குரல் உள்ள போயிடுச்சு. அந்த ஆளா? அவர் கவுண்டர் விளிம்புல ஒட்டியிருந்த டேப்பை நகத்தால பிச்சுக்கிட்டே இருந்தார். தலையைத் தூக்கல. கடைசியில அக்காதான் மெதுவா சொன்னாங்க, ஒரு புள்ளி வைக்கலாம்மா, ஏத்துக்கும்னு. வச்சாங்க. ஏத்துக்கிச்சு. பச்சையா ஒரு டிக். வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது, நன்றி. அதையும் படிச்சாங்க. பழக்கம் பாருங்க.

அந்த ரெண்டு வாக்கியத்தையும் எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல மேடம். கொண்டுவந்த சாப்பாடு ஆறிப்போகுதேன்னு அவசரத்துல தட்டினது. காலியாக இருக்கக் கூடாது. எந்தப் பெட்டிக்கு வந்தாலும் பொருந்துற மாதிரி எழுதிட்டோம்னு ஒரு சந்தோஷம் வேற.

அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். ஹெல்ப்பர்லயே அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் நட்சத்திரம் வேண்டாம்னு சொல்லிடலாமே, எதுக்கு முழுப் பக்கத்தையும் கையால எழுதணும்? சரியான கேள்வி, சீப்புகூட இதைக் கேக்கல. அதைத்தான் மேடம் முதல்ல செஞ்சேன். அந்த வாரமே செஞ்சேன். டேபிள்ல பேர் இல்லாமலும் இருக்கலாம்னு மாத்தினேன், அதுக்கே எட்டு அதிகாரி கையெழுத்து. ஹெல்ப்பர்ல இந்தப் பெட்டிக்கு நட்சத்திரம் வேண்டாம்னு ஒரு விதிவிலக்கு எழுதினேன். ரெண்டு வருஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் சீப்பு வந்தார், சுத்தம் பண்றேன்னு ஆரம்பிச்சார். விதிவிலக்கெல்லாம் தூசி மாதிரி அவருக்கு. ஒரே தட்டு. என்னோடதும் அதோட போச்சு. பேர்ங்கிற பெட்டி எங்கிருந்தாலும் நட்சத்திரம் இருக்கணும்னு ஹெல்ப்பருக்குள்ளயே எழுதிட்டார். அவர் வேணும்னு பண்ணல. நான் லீவுல இருந்தேன். ஒன்பது நாள் கழிச்சு வந்து ராத்திரி டேபிளைப் பாக்குறேன், நாலு புதுப் புள்ளி.

ஒன்பது நாள்ல நாலு பேர். கீழ அக்கா நாலு தடவை படிச்சிருக்காங்க. நாலு தடவையோ, பன்னிரண்டு தடவையோ.

அன்னிக்குத்தான் உக்காந்து கையால எழுதினேன். முதல் வரியிலேர்ந்து. ஹெல்ப்பர்ல செஞ்ச பக்கம் பொதுச் சொத்து மாதிரி. எங்கேயோ ஒரு இடத்துல ஒருத்தர் ஒண்ணைத் தொட்டா இங்க ஒண்ணு மாறும், மாறினது யாருக்கும் தெரியாது. கையால எழுதினது அப்படி இல்ல. அதை மாத்தணும்னா ஒருத்தர் வந்து அந்தப் பக்கத்தைத் திறக்கணும். திறந்தா அது எதுக்கான பக்கம்னு படிச்சாகணும். படிச்சுட்டு மாத்துறவங்க மாத்தட்டும். எனக்கு அவ்வளவுதான் வேணும். ஒரு மனுஷனாவது அதைப் படிக்கணும்.

படிங்களேன். உங்க முன்னாடிதானே இருக்கு. மேல என்ன எழுதியிருக்கேன்? நிதானமாக நிரப்பலாம், தெரியாததை விட்டுவிடலாம். பேர்ப் பெட்டி முதல்ல இல்ல, கடைசியில. அதுக்கு மேல என்ன இருக்கு? விரும்பினால். அவ்வளவுதான். காலியா விட்டு அனுப்பினா ஒண்ணும் சொல்லாது. கர்சர் குதிக்காது. முடிஞ்சதும் வெற்றின்னு வராது. பதிவு செய்தோம்னு மட்டும் வரும். வந்தா அக்கா படிப்பாங்க, படிக்கட்டும், அதைப் படிக்கலாம்.

இல்ல, இல்ல, தப்பே நடக்கலன்னு நான் சொல்லல. உங்க நாலாவது கேள்வி அதுதானே? ஒத்துக்கிறேன். போன வருஷம் டேபிள்ல தொலைபேசி எண் இருக்கிற இடத்துக்கு வேற பேர் வச்சாங்க. ஹெல்ப்பர் பக்கமெல்லாம் தானா சரி பண்ணிக்கிச்சு. என் பக்கம் அதைக் கவனிக்கல. பதினோரு நாள், ஆறு பேரோட போன் நம்பர் ஏறாமலே போச்சு. அது முழுக்க என் தப்பு. கையால எழுதுறதுல இருக்கிற கஷ்டம் அதுதான், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கணும், நான் ஒரு வாரம் அசந்துட்டேன்.

என்ன செஞ்சேனா? போன் பண்ணிக் கேக்கலாம்னா நம்பர்தானே இல்ல. முகவரி இருந்துச்சு. ஆறு வீட்டுக்கும் நடந்தேன். டியூட்டி முடிஞ்சு காலைல, வீட்டுக்குப் போகாம. ரெண்டு வீட்ல கதவைத் திறக்கவே பயந்தாங்க, நான் இருந்த கோலம் அப்படி. ஒரு வீட்ல காபி குடுத்தாங்க. ஒருத்தர் என்னைக் கண்டபடி ஏசினார், எதுக்குய்யா வந்து ஞாபகப்படுத்துறன்னு. வாங்கிக்கிட்டேன். அஞ்சாவது வீடு ஒரு மூணாவது மாடி. ஒரு பெயிண்டர், கை முழுக்க வெள்ளை. நம்பரைச் சொன்னார், எழுதிக்கிட்டேன். திரும்பி ஒரு மாடி இறங்கிட்டேன், பின்னாடியே ஓடி வர்றார். சார், அந்தப் படிவத்துல பேர் எழுதாம விட்டோமே, இப்போ எழுதலாமா? எழுதலாங்கன்னு சொன்னேன். இருங்கன்னுட்டு மேல போனார். ரொம்ப நேரம் வரல. உள்ள ரெண்டு குரல், சண்டை மாதிரியும் இல்ல, பேச்சு மாதிரியும் இல்ல. அப்புறம் மருந்துக் கடை பில்லு பின்னாடி எழுதிக் கொண்டுவந்து குடுத்தார். நாலா மடிச்சு. நான் அதை வழியில பிரிச்சுப் பாக்கல. இங்க வந்து மெஷின் முன்னாடி உக்காந்துதான் பிரிச்சேன். ஏத்தினேன். நான் இந்த மெஷின்ல ஏத்தினதுலயே ஒழுங்கா ஏத்தினது அது ஒண்ணுதான்னு தோணுது.

காலியா விட்டதாலதான் அவரால பின்னாடி எழுத முடிஞ்சுது, கவனிச்சீங்களா? விதி என்ன, பேர் இல்லன்னா எப்போ வேணும்னாலும் சேர்க்கலாம். ஆனா பேர் ஒருதடவை ஏறிட்டா மாத்த முடியாது. புள்ளி வச்சவங்களுக்கு? புள்ளிதான் பேர். போய்க் கேட்டா, உங்க குழந்தைக்குத்தான் ஏற்கெனவே பேர் இருக்கேன்னு சொல்லும்.

எத்தனை பேரா? எண்ணியிருக்கேன். ஹெல்ப்பர் ஓடின காலத்துல முன்னூத்திப் பதினேழு. இருநூத்திச் சொச்சம் புள்ளி. மீதி கோடு, சைபர். இல்லைன்னே எழுதினவங்க பன்னிரண்டு பேர். ஒருத்தர் கீபோர்டை உள்ளங்கையால அமுக்கிட்டார் போல, அஞ்சாறு எழுத்து சேர்ந்தாப்ல கிடக்கு. அதுவும் பேர்தான் மெஷினுக்கு.

மாத்தலாம். ராத்திரியில அந்த டேபிள் என் கையிலதானே இருக்கு. ஒரே வரி, அத்தனை புள்ளியும் போயிடும். ஒரு பயலுக்கும் தெரியாது. செய்யல மேடம், எழுதிக்கோங்க. பதிவேட்டுல திருட்டுத்தனமா கை வச்சவன்னு நாளைக்கு நீங்க சொல்லக்கூடாது. அத்தனை வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்க நான் யாரு? ஒரே ஒரு புள்ளி மேல மட்டும் கர்சரைக் கொண்டுபோய் வச்சுக்கிட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்திருக்கேன், நிறைய நாள். அழிச்சதில்ல.

இதுக்குமேல என்ன இருக்கு. என் பக்கம் தப்பா? நீல பொத்தானா? மாத்தித் தர்றேன், இன்னிக்கே பச்சை பண்ணிடுறேன், சீப்பு சந்தோஷப்படட்டும். டேபிள்ல எதை மாத்தினாலும் எனக்குச் சொல்லுங்க, என் பக்கத்தை அன்னிக்கே சரி பண்றேன், எழுதிக் குடுக்கிறேன். என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, வந்து செஞ்சு குடுத்துட்டுப் போறேன், காசு வேண்டாம். ஆனா அதை ஹெல்ப்பர்கிட்ட குடுக்கச் சம்மதம்னு என் கையால எழுத மாட்டேன். அதை எழுதினவனுக்குத் தெரியாதா அது என்ன செய்யும்னு.

சரி, கிளம்புங்க, உங்களுக்கும் நேரமாச்சு. மறுத்தார்னு போட்டுட்டீங்களா? நல்லது. இன்னும் என்ன? காரணமா? காரணம்னு ஒரு பெட்டி இருக்கா. காலியா விட்டுடுங்க. இவ்வளவு நேரம் சொன்னதை ஒரு பெட்டிக்குள்ள எப்படி அடைப்பீங்க? நீங்க எதை எழுதினாலும் கமிட்டியில ஒருத்தர் படிச்சுட்டு ஐயோ பாவம்பார், இன்னொருத்தர் பிடிவாதக்காரன்பார். ரெண்டும் எனக்கு வேண்டாம். வெறுமனே அமுக்குங்க.

விடல, இல்ல?

சிவப்பா வந்திருக்குமே. நான் இங்கிருந்தே சொல்றேன், பாத்துக்கோங்க. காரணம் காலியாக இருக்கக் கூடாது. கர்சர் அந்தப் பெட்டியிலயே போய் நின்னு மின்னுதா? ஆமா. மறுபடி அமுக்காதீங்க, மறுபடியும் அதையேதான் சொல்லும். மூணு தடவை அமுக்கினாலும் அதேதான்.

ஒரு புள்ளி வைங்க மேடம். ஏத்துக்கும். நாங்களும் அதைத்தான் வச்சோம். பஸ்ல திரும்பி வரும்போது என் வீட்டுக்காரி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, மீதிப் பத்தொன்பது வரியில இதுதான் இருந்துச்சான்னு.

வச்சுட்டீங்களா? பச்சையா வருதா? சரி. அதை மட்டும் சத்தமா படிக்காதீங்க.